சந்திரபாபு ப்ளேலிஸ்ட்... ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க!

'சந்திரபாபு காமெடி ஹிட்ஸ்' மாதிரி ஒரு தொகுப்பு உங்க மியூசிக் ஆப்லயும் கண்ணில் பட்டிருக்கும். அனந்தபுரத்துல பஸ் ஏறினா விழுப்புரம் போய்ச் சேர்றதுக்குள்ள மொத்தமும் கேட்டுடலாம்.

காமெடிப் பாட்டுக்குப் பாதி பலம் படம்தான். முகபாவம், ஆட்டம் எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் ஆடியோவா கேட்டா, நிறைய பாட்டு புஸ்ஸுனு போயிடும். சந்திரபாபு பாட்டு நிக்கும். காமெடியை அவர் தொண்டையிலயே வெச்சிருந்தார். யோட்லிங் தெரியுமா? அடிக்குரல்லேருந்து கள்ளக்குரலுக்கு டக்குனு தாவி, அதே வேகத்துல இறங்குறது. ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பிறந்து, அமெரிக்க இசைத்தட்டுகள் வழியா உலகம் சுத்தின பாணி. அதைத் தமிழ்ப் பாட்டுல அசால்ட்டா பாடினார். 'பெண்' (1954) படத்துல வாயசைக்கிறவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர், குரல் சந்திரபாபு!

ஆனா, தொகுப்பு போடுறவங்க ஒரு வேலை பண்றாங்க. 'மணமகன் தேவை', 'புதையல்' (ரெண்டுமே 1957) குறும்புகளுக்கு நடுவுல 'கவலை இல்லாத மனிதன்' (1960), 'அன்னை' (1962) பாட்டுகளையும் சொருகி, 'காமெடி'னு லேபிள் ஒட்டிடுறாங்க. கண்ணதாசன் எழுதின அந்த ரெண்டும் சிரிப்புப் பாட்டே இல்லை. மனுஷ வாழ்க்கையோட அழுகையையும் ஏமாற்றத்தையும் பேசுறவை. குத்துப்பாட்டு முடிஞ்ச கையோட வந்தா, அதுவும் ஏதோ ஜோக்குனு ஸ்கிப் பண்ணிடுவீங்க.

படம் வந்த வருஷப்படி அடுக்கிக் கேட்டுப் பாருங்க. துள்ளின குரல் அஞ்சே வருஷத்துல எங்க போய் நிக்குதுனு புரியும். 1974-ல் இறந்தப்போ அவருக்கு 50 வயசுகூட ஆகலை.

ஒரு விஷயம்... ஆப் காட்டுற வருஷம் பல நேரம் தொகுப்பு வெளியான வருஷமா இருக்கும். பட வருஷத்தைத் தனியா தேடிக்கோங்க.