தரையில் கிடக்கும் ஆந்தைக் குஞ்சு

மாசி, பங்குனி மாதங்களில் ஊர்ப்புறத்துப் புளியமரப் பொந்துகளிலும் பழைய வீட்டுச் சுவர் ஓட்டைகளிலும் புள்ளி ஆந்தைகள் குஞ்சு பொரித்திருக்கும். காலையில் வாசல் தெளிக்க வருபவர் கண்ணில் மரத்தடியில் ஒரு வெள்ளைப் பஞ்சுருண்டை படும். கிட்டப் போனால் அது மஞ்சள் கண்ணைத் திறந்து முறைக்கும். உடனே அட்டைப் பெட்டி வரும். கிண்ணத்தில் பாலும் சோறும் வரும். நல்ல மனதோடு செய்யும் இந்த உபசாரத்தில்தான் குஞ்சுக்கு ஆபத்து தொடங்குகிறது.

ஏன் விழுகிறது?

புள்ளி ஆந்தை பெரும்பாலும் மூன்று, நான்கு முட்டைகள் இடும். எல்லா முட்டையும் சேரட்டும் என்று காத்திராமல் முதலிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்தது வளர்ந்து நிற்கும்போது கடைக்குட்டி சவலையாக இருக்கும். இரை வரும் நேரத்தில் பொந்தின் வாயில் நடக்கும் நெருக்கடியில் ஒன்று தவறி விழலாம்.

கூகை என்ற ஆந்தையின் கதை வேறு. அது கூடு கட்டுவதே இல்லை. கோபுர மாடத்திலோ, அடுக்குமாடிக் கட்டடத்தின் மறைவான விளிம்பிலோ நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இடும். விளிம்பில் தடுப்பு இல்லாவிட்டால் தத்தி நடக்கும் குஞ்சு கீழே வந்துவிடும்.

மூன்றாவது காரணத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். குஞ்சு விழாமலேயே இறங்கியிருக்கலாம். புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாத வயதில் பொந்தைவிட்டு வெளியே வரும். அப்போது பறக்கும் பலம் முழுதாக வந்திருக்காது. தாயும் தந்தையும் அதன்பிறகும் சில வாரங்களுக்கு இரை கொடுக்கும்.

தவறாகப் படிக்கும் அடையாளங்கள்

மனிதக் குழந்தையைப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பதால் ஆந்தைக் குஞ்சின் இயல்புகள் எல்லாம் நமக்கு நோயாகத் தெரிகின்றன. தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டினால் 'மயக்கம்' என்கிறோம். ஆந்தையின் கண்கள் குழல் வடிவில் மண்டையோட்டில் அசையாமல் பொருந்தியிருப்பவை. அதனால் விழியைச் சுழற்ற முடியாது. தலையை ஆட்டித்தான் தூரத்தை அளக்கிறது. அதற்கேற்ப ஆந்தையின் கழுத்தில் 14 எலும்புகள், நமக்கு 7.

மல்லாந்து கால்களைத் தூக்கிக்கொண்டு கிடந்தால் சாகக் கிடக்கிறது என்று நினைக்கிறோம். அது நகங்களை நம் பக்கம் நீட்டித் தற்காத்துக்கொள்கிறது. அலகைச் சொடுக்குவதும் சீறுவதும் மிரட்டல்தான். குப்புறப் படுத்துக் கிடந்தாலும் பதற வேண்டாம். தலை கனமாக இருப்பதால் இளங்குஞ்சுகள் அப்படியே படுத்துத் தூங்கும். பகல் முழுக்கப் பெற்றோர் பக்கத்தில் வராவிட்டால் கைவிட்டுவிட்டன என்று பொருளில்லை. அவை இரை தேடப் புறப்படும் நேரமே அந்தி.

செய்ய வேண்டியது

முதலில் தள்ளி நின்று பாருங்கள். இரத்தம், தொங்கும் இறக்கை, மொய்க்கும் ஈக்கள் இவற்றில் எது தெரிந்தாலும் கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும். பூனை கவ்விய குஞ்சு நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போகட்டும். பூனையின் வாயிலுள்ள பாக்டீரியா சிறு பல்தடம் வழியாகவே உடம்பில் பரவிவிடும்.

காயம் இல்லையென்றால் சிறகைக் கவனியுங்கள். இறக்கையில் நீண்ட சிறகுகள் முளைத்த குஞ்சை, நாயும் பூனையும் எட்டாதபடி அதே மரத்தின் கிளையில், இலை மறைவில் ஏற்றிவிட்டால் போதும். வெட்டவெளியில் விட்டால் காக்கைகள் சூழ்ந்து கொத்தும். வெறும் தூவி மட்டும் போர்த்திய குஞ்சு பொந்துக்குள் திரும்பியாக வேண்டும். நகம் கூர்மையானது என்பதால் துண்டால் சுற்றித் தூக்குங்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

பொந்து எட்டவில்லையா? அடியில் துளையிட்ட மரப்பெட்டியில் சருகு பரப்பி, அதே மரத்தில் உயரமாகக் கட்டலாம். பசித்த குஞ்சு கத்தும். அந்தக் குரலைக் கேட்டுப் பெற்றோர் வந்துவிடும். அந்தியில் தூரத்தில், விளக்கோ கைப்பேசி வெளிச்சமோ இல்லாமல் காத்திருந்தால் இரையோடு வருவதைப் பார்க்கலாம். இரவெல்லாம் எதுவும் வரவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காற்றுத் துளையிட்ட பெட்டி, இருட்டு, அமைதி, இவையே முதலுதவி.

பால் வேண்டாம், பறவையின் குடலுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. தண்ணீரை வாயில் ஊற்றவும் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பக்கத்தில் திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். இறைச்சித் துண்டும் நிரந்தரத் தீர்வல்ல. எலியையும் வண்டையும் முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகத் துப்பும் உடம்பு அது. எலும்பில்லாத கறியிலேயே வளர்ந்தால் சுண்ணாம்புச்சத்து போதாமல் கால் வளைந்துவிடும்.

பெற்றோர் மட்டுமல்ல, உடன்பிறப்புகளும் குஞ்சுக்குத் தேவை. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் ரூலன் குழுவினர் கூகைக் குஞ்சுகளை ஆராய்ந்தார்கள். பெற்றோர் இல்லாத நேரத்தில் குஞ்சுகள் மாறி மாறிக் குரல் கொடுத்து யாருக்குப் பசி அதிகம் என்று தெரிவித்துக்கொள்கின்றன. மூத்தது தன் இரையை இளையதற்குக் கொடுப்பதும் உண்டு. தனியாக மனிதர் கையில் வளரும் குஞ்சு மனிதரையே தன் இனமாக நினைத்துவிடக்கூடும். வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

டெல்டா விவசாயிகள் எலியைப் பிடிக்க நெல் வயலில் பறவை தாங்கி நட்டு ஆந்தையை அழைக்கிறார்கள். மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் ஒரு படி மேலே போய், கூகை குடும்பம் நடத்தவே பெட்டி வைக்கிறார்கள். உட்காரக் கம்பு கொடுத்தால் ஆந்தை வரும். முட்டையிடப் பொந்து கொடுத்தால்தான் தங்கும். பட்ட மரமென்று வெட்டுமுன் அதில் பொந்து இருக்கிறதா என்று பார்ப்பதும், சுவர் ஓட்டையை அடைக்கும் வேலையைக் குஞ்சுகள் பறக்கும்வரை தள்ளிப்போடுவதும் விழுந்த குஞ்சைத் தூக்குவதைவிடப் பெரிய உதவி.