வார்டில் யார் எதைச் செய்வது?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு. 1997-இல் இப்போதைய கட்டடத்துக்கு வருவதற்கு முன் அது பக்கத்திலேயே ஹேம்ப்ஷியர் சாலையில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக இருந்தது. அந்தப் பழைய வளாகத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. 1966-ஆம் ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைகள் 40,000-க்குச் சற்றுத்தான் குறைவு. நாளுக்கு நூற்றுக்கும் மேல். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை அது. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்படி முடிந்தது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். சிக்கலில்லாத பிரசவங்களை மருத்துவச்சிகளே பார்த்தார்கள், சிக்கலானவற்றுக்கு மருத்துவர்கள் ஒதுக்கப்பட்டார்கள், நலமாக இருந்த தாய்மார்கள் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நெரிசல் கொடுமையானது, அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் வலியெடுத்து வருகிற நூறு பேரில் யாரை யார் பார்ப்பது என்ற கணிப்பு தவறியிருந்தால், எத்தனை திறமையான கைகள் இருந்தும் பயன் இருந்திருக்காது.

அந்தக் கணிப்பை நாம் ‘நிர்வாகம்’ என்ற அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். தாதி என்றால் அன்பு, பொறுமை, சேவை. வேலை பிரிப்பதும் முன்பின் வகுப்பதும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பாடு என்று நினைக்கிறோம். நவீனத் தாதிமைக்கு அடித்தளமிட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அப்படி நினைக்கவில்லை. 1859-இல் அவர் எழுதிய தாதிமைக் குறிப்புகளில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. தான் இருக்கும்போது நடக்கிற நல்ல காரியம், தான் இல்லாதபோதும் நடப்பதற்கு வழி செய்யாதவர் எவ்வளவு நல்ல தாதியாக இருந்தாலும் நோயாளிக்குப் பயனில்லை என்பது அதன் சாரம். விளக்கைப் பிடித்துக்கொண்டு இரவில் நடந்த பெண்மணியாக அவரை நினைவில் வைத்திருக்கும் உலகம், இந்த அத்தியாயத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. வேலையைப் பகிர்ந்து கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி, ஊசி போடுவதைப் போலவே கற்றுத்தரவும் சோதிக்கவும் வேண்டிய திறன் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சிங்கப்பூரில் இதன் தேவை அதிகம். 1885-இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதை நினைத்துத்தான் ஆகஸ்ட் 1 இங்கே தாதியர் தினம். அன்று ஒரே வகைத் தாதி. இன்று ஒரு வார்டுக்குள் நுழைந்தால் பதிவுபெற்ற தாதி, ‘என்ரோல்டு நர்ஸ்’ எனப்படும் அடுத்த நிலைத் தாதி, பராமரிப்பு உதவியாளர் என்று படிகள். அதற்கு மேலே முதுநிலைப் பட்டம் பெற்ற உயர்நிலைத் தாதியர். உள்ளூர்க்காரர்களோடு மலேசியா, பிலிப்பீன்ஸ், இந்தியா, மியன்மார் என்று பல நாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் ஒரே ஷிஃப்டில் நிற்கிறார்கள். நோயாளியின் கண்ணுக்கு எல்லாரும் ‘மிஸ்ஸி’தான். ஆனால் மருந்தின் அளவைச் சரிபார்க்க யாருக்கு உரிமை, உடம்பு துடைத்துவிடும்போது முதுகில் தெரிந்த சிவப்புத் தடத்தைப் படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்று தீர்மானிக்க யாருக்குப் பயிற்சி என்பதெல்லாம் வேறு வேறு.

இந்தப் பகிர்வு பிசகினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் பியாட்ரிஸ் காலிஷ், விடுபட்டுப் போகும் தாதிமைப் பணிகளைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நோயாளியை எழுப்பி நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, வேளைக்கு ஊட்டுவது, வாய் சுத்தம், குடித்த நீருக்கும் வெளியேறிய சிறுநீருக்கும் கணக்கு, வீட்டுக்குப் போகும்முன் சொல்லித்தர வேண்டியவை: இவைதான் வழக்கமாக விடுபடுகின்றன என்று தாதியரே சொன்னார்கள். ஆள் குறைவு ஒரு காரணம். ஆனால் அதோடு சேர்த்து அவர்கள் சொன்னவற்றில் சரியாக ஒப்படைக்காததும், ‘அது என் வேலை இல்லை’ என்ற மனப்பான்மையும் இருந்தன. பட்டியலை மறுபடி பாருங்கள். எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. உதவியாளரிடம் கொடுக்கக்கூடிய வேலைகளே அதிகம். கொடுத்ததாக ஒருவர் நினைக்க, தன்னிடம் சொல்லப்படவில்லை என்று இன்னொருவர் நினைக்க, நடுவில் கிழவர் நாள் முழுக்க ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறார்.

ஒப்படைப்புக்கு அமெரிக்கத் தாதியர் அமைப்புகள் ஐந்து ‘சரி’களை வகுத்திருக்கின்றன: சரியான வேலை, சரியான சூழல், சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. முதல் மூன்றையும் எல்லாரும் ஓரளவு செய்துவிடுகிறார்கள். கடைசி இரண்டில்தான் கோட்டை விடுவது. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் காய் நறுக்கவும் கிளறவும் ஆள் வைத்திருப்பார். உப்புப் பார்க்கும் கரண்டியை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். வார்டில் அந்தக் கரண்டி எது என்பதற்கு மூச்சு நல்ல உதாரணம். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் கருவியே சொல்லிவிடும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை மட்டும் சாதாரண வார்டில் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். அதனாலேயே அது அதிகம் அலட்சியப்படுத்தப்படும் அளவை என்று மருத்துவ இதழ்கள் பல ஆண்டுகளாகப் புலம்புகின்றன. நோயாளியின் நிலை மோசமாகப் போவதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் அதுதான். உதவியாளரிடம் “பெட் 12-க்குப் பாராமீட்டர் எடுத்துடுங்க” என்று சொல்வது அரைகுறை ஒப்படைப்பு. “மூச்சை முழு நிமிஷம் எண்ணுங்க, 24-க்கு மேல போனா எழுதி வச்சுட்டுப் போகாம உடனே என்னைக் கூப்பிடுங்க” என்பது முழுமையானது. எண்ணுவதைக் கொடுக்கலாம். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கொடுக்க முடியாது.

எதை முதலில் செய்வது என்பதிலும் இதே குழப்பம். சிங்கப்பூரின் அவசரப் பிரிவுகளில் வருகிறவர்களைப் பி1 முதல் பி4 வரை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உயிருக்குப் போராடுபவர் பி1, அவசரமே இல்லாதவர் பி4. மூன்று மணி நேரம் காத்திருக்கும் பி3 நோயாளிக்குக் கோபம் வந்தாலும், ஒரு விதி இருக்கிறது என்பதாவது தெரியும். மேல்மாடி வார்டில் அப்படி விதி எதுவும் கிடையாது. ஒரே சமயத்தில் டிரிப் கருவி கத்துகிறது, ஒருவர் கழிப்பறைக்கு அழைக்கிறார், ஒரு மகன் பில்லைப் பற்றிக் கேட்கிறார், மூலைப் படுக்கையில் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகக் கிடக்கிறார். சத்தம் போடுகிறவர் முதலில் கவனிக்கப்படுவது மனித இயல்பு. அந்த இயல்பை மீறி அமைதியானவரிடம் முதலில் போவதற்குத்தான் பயிற்சி வேண்டும். மருந்து கொடுக்கும் வேளையில் குறுக்கிடும் ஒவ்வொரு தடங்கலும் மருந்துப் பிழையை ஏறக்குறைய 12 விழுக்காடு கூட்டியதாக, சிட்னி மருத்துவமனைகளில் 4,000-க்கும் மேற்பட்ட மருந்து வழங்கல்களைக் கவனித்த ஆய்வு 2010-இல் சொன்னது. பில்லைப் பற்றிக் கேட்ட அந்த மகன் நல்லவர்தான். அவருக்கு இது தெரியாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். ஆள் பற்றாக்குறையை மூடிமறைக்க முதலாளிகள் கண்டுபிடித்த அழகான சொல்தானே ‘ஒப்படைப்பு’? சம்பளம் குறைந்தவரை வைத்து வேலையை முடித்துக்கொண்டு, தவறு நடந்தால் ‘முன்னுரிமை தெரியவில்லை’ என்று தாதியின் தலையில் கட்டுவதற்கு வசதி. இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. லிண்டா ஏக்கன் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. 2017-இல் அதே குழுவின் இன்னோர் ஆய்வு இன்னும் நேரடியானது: 25 நோயாளிகளுக்கு ஒரு தாதியை எடுத்துவிட்டு அங்கே ஓர் உதவியாளரை வைத்தால், இறக்கும் வாய்ப்பு 21 விழுக்காடு கூடுவதோடு அது தொடர்புபட்டிருந்தது.

இந்த எண்களை ஒப்படைப்புக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்வது எளிது. எனக்கு அவை அதன் இலக்கணமாகத் தெரிகின்றன. தாதியின் இடத்தில் உதவியாளரை நிறுத்துவது மாற்றீடு. தாதி இருக்கும்போதே அவரின் கண்காணிப்பில் உதவியாளர் வேலை செய்வது ஒப்படைப்பு. முன்னதில் உப்புப் பார்க்க ஆளே இல்லை. ஆகவே ஒப்படைப்பைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் மருத்துவமனை, பதிவுபெற்ற தாதியரின் எண்ணிக்கையைக் குறைக்க அதையே காரணமாகச் சொல்ல முடியாது. மேற்பார்வைக்கு ஆள் வேண்டும், நேரமும் வேண்டும். தாதியரைத் தக்கவைக்க 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தரும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2024-இல் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் தங்கியிருக்கும் அனுபவசாலியின் ஷிஃப்டில், இளையவர்களின் வேலையைப் பார்வையிட அரை மணி நேரம்கூட ஒதுக்கப்படாவிட்டால் அந்த அனுபவம் அவரோடேயே நின்றுவிடும்.

மருத்துவர்கள் தங்கள் வேலையைத் தாதியரிடம் கொடுத்த விதத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். 2018 முதல் இங்கே தேர்ந்த உயர்நிலைத் தாதியரும் மருந்தாளர்களும் தனிப் பயிற்சி முடித்து, எழுத்துபூர்வமான உடன்பாட்டின்கீழ் மருந்து எழுதித் தருகிறார்கள். எந்த மருந்து, எந்த எல்லை, எப்போது மருத்துவரிடம் திருப்பி அனுப்புவது எல்லாம் வரையறுக்கப்பட்டவை. அதே கட்டடத்தில் தாதியிடமிருந்து உதவியாளருக்கு வேலை கைமாறுவது பெரும்பாலும் நடைவழியில் வீசப்படும் ஒரு வாக்கியத்தில். படிநிலையில் கீழே போகப் போக ஒப்படைப்பின் சடங்குகள் சுருங்குகின்றன. நோயாளியின் உடம்பைத் தொடும் நேரமோ கூடுகிறது.

வயதும் மொழியும் இதைச் சிக்கலாக்குகின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரியை இப்போதுதான் முடித்த 21 வயதுப் பெண், 30 ஆண்டு வார்டு பார்த்த அக்காவிடம் வேலை சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு அதற்கு வாய் வராது. மலாய், பிலிப்பீன்ஸ் தாதியருக்கும் எளிதில்லை. விளைவு, சொல்லக் கூச்சப்பட்டுத் தானே செய்துவிடுவது. “நானே செஞ்சா சீக்கிரம் முடியும்” என்ற சமாதானம் இதற்குத்தான் திரை. ஒரு வேலைக்கு அது உண்மை, பத்து வேலைக்குப் பொய். தமிழ் தெரிந்த தாதிக்கோ இன்னொரு சுமை: தமிழ் மட்டும் பேசும் பாட்டி எந்தப் படுக்கையில் இருந்தாலும் மொழிபெயர்க்க அவரைக் கூப்பிடுவார்கள். இதுவும் ஒப்படைப்புதான், ஆனால் எந்தப் பணிப்பட்டியலிலும் ஏறாத ஒப்படைப்பு. அந்தப் பத்து நிமிடம் அவருடைய சொந்த நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படுகிறது.

உறவினர்களும் இந்தச் சங்கிலியில் இருக்கிறார்கள் என்பதை 2003-இன் சார்ஸ் காட்டியது. 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொன்ற அந்த நோயின்போது டான் டோக் செங் மருத்துவமனை அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பிறகு பொது மருத்துவமனைகளில் பார்வையாளர்கள் தடுக்கப்பட்டார்கள். ஊட்டிவிடும் மகளும் கைபிடித்து நடத்தும் மனைவியும் வராதபோது, யாருடைய கணக்கிலும் இல்லாத அந்த வேலை முழுவதும் தாதியர்மேல் விழுந்தது.

இன்று ஓட்டம் எதிர்த்திசையில்: மருத்துவமனையின் வேலை வீட்டுக்குப் போகிறது. 2030-இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்முன், மூக்குக்குழாய் வழியே உணவூட்டவும், குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்கவும் தாதி கற்றுத்தருவது மகனுக்கு அல்ல, பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண்ணுக்கு. ஐந்து ‘சரி’களில் ஐந்தாவதான மேற்பார்வை, மருத்துவமனை வாசலோடு நின்றுபோகிறது. இந்த இடத்தில் குடும்பத்தாருக்கு ஒரு வேலை உண்டு. பணிப்பெண் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாமல், தாதியின் முன்னால் அவரையே ஒருமுறை முழுதாகச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். புரட்டிப் படுக்க வைக்கும் நேரத்தை இரவில் யார் பார்ப்பது, குழாய் நழுவினால் எந்த எண்ணை அழைப்பது, அன்று அந்தப் பெண்ணுக்கு ஓய்வுநாள் என்றால் யார் என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட்டுத்தான் டாக்ஸிக்குச் சொல்ல வேண்டும்.