எம்.ஜி.ஆர். சுடப்பட்ட நிகழ்வும் அதைச் சுற்றிய கதைகளும்

1967 ஜனவரி 12 அன்று மாலை, சென்னை நந்தம்பாக்கத்தை அடுத்த இராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஜி.ஆர். துப்பாக்கியால் சுடப்பட்டார். சுட்டவர் நடிகர் எம்.ஆர்.ராதா. தயாரிப்பாளர் கே.கே.வாசுவும் உடன் இருந்தார். எம்.ஜி.ஆரின் இடது காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயம் அடைந்தார். இருவரும் இராயப்பேட்டை மருத்துவமனைக்கும், பின்னர் பொது மருத்துவமனைக்கும் கொண்டு செல்லப்பட்டனர்.

அப்போது எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் பரங்கிமலை வேட்பாளர். ராதா பெரியாரின் தொண்டர். பெரியாரோ அந்நாளில் காமராசரை ஆதரித்தவர். ஆகவே இருவருக்கிடையே நடந்த சண்டை அன்று மாலையே அரசியலாகிவிட்டது. கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. தொகுதிக்குள் செல்லாமலேயே அவர் வென்றார்.

‘அந்த ஒரு சுவரொட்டிதான் காங்கிரசை வீழ்த்தியது’ என்பது இன்றும் சொல்லப்படும் கதை. இது மிகை. அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் வடு, அண்ணா அமைத்த பலகட்சிக் கூட்டணி ஆகியவை முன்பே களத்தை மாற்றியிருந்தன. காங்கிரசின் வாக்கு விகிதம் தி.மு.க.வினுடையதைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. கூட்டணியே அதை இடங்களில் தோற்கடித்தது. ஆனால் கூட்டணிக் கணக்கை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கட்டுப்போட்ட கழுத்து மனத்தில் நிற்கும்.

எம்.ஜி.ஆரே தன்னைச் சுட்டதாக ராதா தரப்பு வாதிட்டது. செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் அதை ஏற்காமல் ராதாவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. தீர்ப்பு வந்த பிறகும் ‘உண்மையில் யார் முதலில் சுட்டது?’ என்ற திண்ணைப் பேச்சு ஓயவில்லை. படத்தின் வில்லன் நிஜத்திலும் கதாநாயகனைச் சுட்டான் என்ற பொருத்தம், காரணங்களை ஆராயும் ஆர்வத்தையே விழுங்கிவிட்டது எனலாம். சந்தர்ப்பத்தின் சிக்கல் மறைந்து, திரைக்கதை மிஞ்சியது.

குரல் மாறியது கதையல்ல. அதே ஆண்டு வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் அந்த வேறுபாட்டைக் காதாலேயே உணரலாம். பேச்சுத் தெளிவு குறைந்தும் அவர் சொந்தக் குரலிலேயே நடித்தார். ரசிகர்கள் அதைக் குறையாகக் கருதவில்லை. உயிர் தப்பியதன் அடையாளமாகக் கொண்டனர். ‘சாவை வென்றவர்’ என்ற எண்ணம் இங்கே வேரூன்றியது. 1987 டிசம்பரில் அவர் மறைந்த பின், மெரினா சமாதியில் காதை வைத்தால் அவருடைய கைக்கடிகாரம் ஓடும் ஒலி கேட்கும் என்ற நம்பிக்கை பரவியது. இன்றும் பலர் குனிந்து கேட்கின்றனர்.

தியாகராய நகர் ஆற்காடு தெருவில் உள்ள நினைவு இல்லத்தில் அவர் பயன்படுத்திய பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. சம்பவம் நடந்த இராமாவரம் தோட்டத்தில், அவரது உயில்படி, காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளுக்கான பள்ளி நடைபெறுகிறது.