சோற்றுக்கு ஒரு கும்பிடு

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அறுபது, எழுபது வருடத்துக்கு முன்னால் நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு என்று விசேஷ நாளுக்கு உரிய சாப்பாடு. மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, கேப்பைக்களி. கம்பை உரலில் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து, புடைத்து, மறுபடியும் இடித்து, உலையில் போட்டுக் கிண்டி இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உலக்கைச் சத்தம் தெரு முனை வரை கேட்கும். வட்டிலுக்கு முன்னால் உட்காருகிறவனுக்கு, அந்த உருண்டைக்காக யார் தோள் வலித்தது என்பது தெரியும். மழை பொய்த்த வருடம் எது, கடன் வாங்கி விதைத்த வருடம் எது என்பதும் தெரியும்.

அதனால் நன்றி என்று தனியாக யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சிந்திய பருக்கையைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் பல வீடுகளில் இலை போட்டார்கள். உலையில் அரிசி போடும் முன்பு ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்தார்கள். அது கோயிலுக்கோ இல்லாதவருக்கோ போகும். கிறிஸ்தவ வீட்டில் ஜெபம் முடியாமல் தட்டில் கை வைத்த பிள்ளைக்கு முறைப்பு கிடைக்கும். முஸ்லிம் வீடுகளில் பிஸ்மில்லாவில் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ்வில் முடியும். காயல்பட்டினத்தில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவார்கள். விருந்து முடிந்ததும் இலையை நம் பக்கமாக மடிப்பதே பரிமாறியவருக்குச் சொல்லும் பதில்.

இதன் அடியில் பக்தி மட்டும் இல்லை, பயமும் இருந்தது. 1960-களில் அரிசித் தட்டுப்பாடு எப்படிக் கழுத்தைப் பிடித்தது என்பதை 1967 தேர்தலைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பது மேடைக்கு மேடை முழங்கியது. 1867-இல் வள்ளலார் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டியதும் பசியைக் கண்ணால் பார்த்ததால்தான். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை.

அந்தக் காலத்தை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் என்னால் முடியாது. நன்றி கடவுளுக்குப் போனது, பூமிக்குப் போனது, காக்கைக்குக்கூடப் போனது. புகையில் கண் எரிய ஊதிக்கொண்டிருந்தவளுக்கு மட்டும் போகவில்லை. அவள் கடைசியில், மிஞ்சியதைச் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு குறைந்த அன்றைக்கு மட்டும் அவள் பெயர் கூடத்தில் ஒலிக்கும். பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்ற கணக்கு வேறு. சாதி பார்த்துப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போட்டதால் சேரன்மாதேவி குருகுலம் 1920-களில் தமிழ்நாட்டையே இரண்டாக்கியது. சோற்றைக் கும்பிட்ட கைகள்தான் அதையும் செய்தன.

இன்று அந்த அரிசித் தட்டுப்பாடு இல்லை. 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011-இல் இலவசமானது. பள்ளிக்கூடத்தில் மதியச் சத்துணவோடு 2022 முதல் காலை உணவும் கிடைக்கிறது. இதில் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பட்டினி பயத்தில் பிறக்கும் நன்றி எந்த வீட்டுக்கும் திரும்பி வர வேண்டாம்.

ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நகரத்து வீட்டைப் பாருங்கள். வாசலில் பார்சல் வருகிறது. ரப்பர் பேண்ட் போட்ட கவரில் ரசம், மூடியோடு மல்லுக்கட்ட வேண்டிய டப்பாவில் சாதம். தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்தாகிறது. கண் திரையில், கை டப்பாவில். பத்து நிமிடத்தில் டப்பா காலி. கூட்டு என்ன காய் என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் செயலி கேட்கிறது, உணவு எப்படி இருந்தது என்று. ஐந்து நட்சத்திரம் தட்டிவிடுகிறோம். வீட்டில் முப்பது வருடமாகச் சமைக்கிற அம்மாவுக்கு ஒரு நட்சத்திரமாவது கொடுத்தோமா என்பது வேறு கேள்வி.

உடம்புக்கு இதில் நஷ்டம் உண்டு. சாப்பாட்டைப் பார்த்ததும் மணம் பிடித்ததும் வாயில் எச்சிலும் வயிற்றில் ஜீரண நீரும் சுரக்கத் தொடங்கிவிடும். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ் காட்டிய விஷயம் இது. கண் வேறெங்கோ இருந்தால் இந்த முதல் கட்டத்துக்கு இடம் குறைந்துவிடலாம். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் முடிப்பவருக்கு அது பந்தி கலைந்த பிறகு வருகிற மொய்க்கவர். கவனம் சிதறிச் சாப்பிடுகிறவர்கள் அந்த வேளையிலும் அதிகம் சாப்பிடுகிறார்கள், அடுத்த வேளையிலும் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் பத்துக் கோடிப் பேர். அப்படிப்பட்ட நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

நன்றியுணர்வையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்களுக்கு உடல் உபாதைகள் குறைவாகவும் உடற்பயிற்சி அதிகமாகவும் இருந்தன. இது சாப்பாட்டை வைத்துச் செய்த ஆய்வு இல்லை. சோற்றைக் கும்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம். ஆனால் தட்டுக்கு முன்னால் அரை நிமிடம் கை நின்றால் அடுத்த கவளம் நிதானமாகப் போகும். பாகற்காய்க்குக்கூட ஒரு ருசி இருப்பது அப்போது தெரியவரும். அவ்வளவுதான் அதன் பலன், அதுவே போதும்.

பழைய வழக்கங்களில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பது இப்போது நம் கையில். சாமி கும்பிடாதவருக்கும் இதில் இடம் உண்டு. இன்று ராத்திரி செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். சமைத்தவரையும் கூடவே உட்காரச் சொல்லுங்கள். ரசம் நன்றாக இருந்தால் அதை வாய்விட்டு அவரிடம் சொல்லுங்கள். எழுந்ததும் உங்கள் தட்டை நீங்களே கழுவுங்கள்.