சட்டித் தலையனும் பேட்டரி தீர்ந்த ரோபோவும்

ஆர்ச்சியை நான் வரைந்தது தேங்காய் எண்ணெய் உபயத்தில். நோட்டுத் தாளில் எண்ணெய் தடவினால் அடியில் இருப்பது தெரியும். காமிக்ஸ் பக்கத்தின் மேல் வைத்துப் பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். 1984இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய லயன் காமிக்ஸின் இரும்பு மனிதன் அவன். வாசகர்கள் மத்தியில் செல்லப் பெயர் சட்டித் தலையன். பூர்வீகம் இங்கிலாந்து, வாயைத் திறந்தால் தமிழ். கணக்கு நோட்டில் எண்ணெய் ஊறித்தான் வீட்டில் மாட்டிக்கொண்டேன். அடி விழுந்தது எண்ணெய்க்கா, காமிக்ஸுக்கா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது நியூ ஜெர்சி எடிசனில், என் ஒன்பது வயது மகள் ஐபேடில் ரோபோ வரைகிறாள். சனிக்கிழமை ஓவிய வகுப்பில் முதல் பாடம்: தலைக்கு ஒரு பெட்டி, உடம்புக்கு ஒரு பெட்டி, கை கால்களுக்கு உருளை, மூட்டுக்கு உருண்டை. ரோபோவில் தொடங்குவது புத்திசாலித்தனம். மனித முகம் கோணினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ரோபோ கோணினால் அது வேறு மாடல்.

காமிக்ஸ் விஷயத்தில் அமெரிக்காவும் ஒரு காலத்தில் என் சின்ன வயது வீடு மாதிரித்தான் இருந்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று 1954இல் செனட் துணைக்குழு விசாரணையே நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். காமிக்ஸ் வரையும் தொழிலையும் அந்தக் காலத்தில் வேலை பார்த்துத்தான் கற்க வேண்டியிருந்தது. ஜோ கூபர்ட் சிறுவனாகவே நியூயார்க் காமிக்ஸ் பட்டறைகளில் நுழைந்து, பெரியவர்கள் மையிட்ட பக்கங்களில் பென்சில் கோட்டை அழித்துக் கொடுத்துப் பழகியவர். அவரேதான் 1976இல், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய டோவரில், காமிக்ஸுக்கென்றே பள்ளி திறந்தார். மூன்றாண்டுப் படிப்பு. 2020இல் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. அதை வாங்கிய முதல் கிராஃபிக் நாவல். மகளின் பள்ளி நூலகத்தில் காமிக்ஸுக்குத் தனி அலமாரி, கூட்டமும் அங்கேதான்.

ரப்பர் தேடும் வேலை அவளுக்கு இல்லை. இரண்டு விரலால் திரையைத் தட்டினால் போட்ட கோடு காணாமல் போகிறது. எனக்குப் பொறாமை அதில் இல்லை. எத்தனை ஆர்ச்சி வரைந்தேன்! ஒரு ஆர்ச்சிக்காவது நானாக ஒரு கதை கொடுத்தேனா? இவள் ஆறு கட்டம் போட்டு, ரோபோவைப் பனி அள்ள அனுப்பி, பாதி வழியில் பேட்டரியையும் தீர்த்துவிட்டாள்.

“தமிழ்ல பேச வையேன்” என்றேன்.

“இடம் பத்தாதுப்பா.”

வாஸ்தவம்தான். ‘ஹெல்ப்’ உட்கார்ந்திருந்த பலூனில் ‘காப்பாற்றுங்கள்’ நுழையவில்லை. முதலில் வசனத்தை எழுது, அப்புறம் அதைச் சுற்றிப் பலூன் போடு என்றேன். எழுதினாள். நாலாவது கட்டத்தில் இப்போது முக்கால்வாசி பலூன்தான். ரோபோவுக்குத் தலை மட்டும் தெரிகிறது.