தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு: ரத்தத்தில் உள்ள நைட்ரைட் காட்டிக்கொடுக்குமா?

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கிறது. இன்னைக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கே என்று துணி துவைத்து, கடைக்கும் போய் வந்தால், அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். ரத்தப் பரிசோதனை செய்தால் 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட். கடைசியில் மிஞ்சுவது 'சோம்பேறி' என்ற பட்டம்.

எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களின் அன்றாடம் இதுதான். வழக்கமான பரிசோதனைகளில் சிக்காத இந்த நோய், உடலில் ஏதாவது தடயத்தை விட்டுச் செல்கிறதா? 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் தேடிவரும் தடயங்களில் ஒன்று, நைட்ரைட்.

இது வெறும் களைப்பு இல்லையா?

இல்லை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்நாட்டில் மட்டும் 8.36 லட்சம் முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு என்ன நோய் என்றே தெரியாது.

முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கான சோர்வு ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பது, தூங்கினாலும் புத்துணர்ச்சி வராதது, சின்ன உழைப்புக்குப் பிறகும் நிலைமை மோசமாவது ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். மூன்றாவதுதான் இந்த நோயின் தனி முத்திரை. படிப்பு, மீட்டிங் போன்ற மூளை உழைப்பும் ஆளைச் சாய்த்துவிடும். பாதிப்பு பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூடத் தெரியவரும்.

இதில் நைட்ரைட் எங்கே வந்தது?

நம் உடல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தானே தயாரிக்கிறது. ரத்தக் குழாய்களை விரியச் செய்வது அதன் வேலைகளில் ஒன்று. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு பக்கம், செல்லின் பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைத் தயாரிக்கும்போது சூப்பர்ஆக்சைடு என்ற கழிவும் உருவாகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட். கொழுப்பு, புரதம், ஏன் மைட்டோகாண்ட்ரியாவையே சேதப்படுத்தக்கூடிய ஆசாமி இது. இப்படிப்பட்ட சேதத்தை உடலின் தற்காப்பு சமாளிக்க முடியாமல் போகும் நிலைக்குப் பெயர்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ஆபீஸ் டென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

ஒரு தொற்றில் தொடங்கும் பெராக்சிநைட்ரைட் உற்பத்தி நிற்காமல் தொடர்வதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்ற கருதுகோளை, 2000-ம் ஆண்டு அமெரிக்க உயிர்வேதியியலாளர் மார்ட்டின் பால் முன்வைத்தார்.

சிக்கல் என்னவென்றால், பெராக்சிநைட்ரைட் கண் சிமிட்டும் நேரத்துக்குள் மறைந்துவிடும். நைட்ரிக் ஆக்சைடின் ஆயுளும் சில நொடிகள்தான். அதனால் அது சிதைந்த பிறகு மிஞ்சும் நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். அடுப்பில் எவ்வளவு விறகு எரிந்தது என்பதைச் சாம்பலை வைத்துக் கணக்குப் போடுவது மாதிரி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2005-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வு, நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸின் அடையாளங்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டு பிரான்ஸில் நோயாளிகளை சைக்கிள் மிதிக்கவைத்துச் சோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு அந்த அடையாளங்கள் சீக்கிரமே ஏறின.

நைட்ரைட் கதை இவ்வளவு நேராக இல்லை. 2010-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளிடம் நைட்ரிக் ஆக்சைடின் எச்சங்கள் அதிகமாக இருந்தன. அதே 2010-ல் வந்த பெல்ஜியம் ஆய்வோ, 'நைட்ரிக் ஆக்சைடு அளவு இயல்பாகவே இருக்கிறது' என்றது. நோயாளிகளின் பிளாஸ்மாவில் வைக்கப்பட்ட ரத்தக் குழாய் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகத் தயாரித்ததாக 2022-ல் இன்னொரு ஆய்வு சொன்னது.

அதிகமா, இயல்பா, குறைவா? ஏன் இந்தக் குழப்பம்? முதல் காரணம், சாப்பாடு. கீரை, பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய உண்டு. பக்கத்து வீட்டு அடுப்புச் சாம்பலும் கலந்துவிட்டால் நம் வீட்டுக் கணக்கு எப்படி சரியா வரும்? இரண்டாவது, பல ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் சில டஜன் பேர்தான். மூன்றாவது, உடலின் ஓரிடத்தில் கூடி, இன்னோரிடத்தில் குறைந்தாலும் ரத்தத்தில் தெரிவது மொத்தக் கணக்கு மட்டுமே.

தவிர, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களிடமும் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அதிகமாக இருக்கும். எனவே இது நோயின் காரணமா, விளைவா என்பது முடிவாகவில்லை.

அப்போ டெஸ்ட், மாத்திரை?

நைட்ரைட் அளவை வைத்து இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் இதைக் குணப்படுத்தும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. நீடித்த சோர்வு இருந்தால், ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை போன்ற காரணங்கள் இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

உடற்பயிற்சி செய்தால் சரியாகுமா?

நோயாளிகள் அடிக்கடி கேட்கும் அறிவுரை, 'எழுந்து நாலு ரவுண்டு நடங்க, சரியாகிடும்'. பிரிட்டனின் நைஸ் அமைப்புகூட 2007-ல் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. ஆதாரங்களையும் நோயாளிகளின் அனுபவங்களையும் மறுபரிசீலனை செய்து, 2021 அக்டோபரில் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. இப்போது அது சொல்வது, உடம்பில் இருக்கும் தெம்புக்குள் வேலைகளைப் பிரித்துச் செய்வது.

இதே போன்ற பாதிப்பு உள்ள லாங் கோவிட் நோயாளிகளிடம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. சைக்கிள் மிதித்த மறுநாள் அவர்களின் தசையில் சேதம் கூடியிருந்தது, மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடும் குறைந்திருந்தது.

நைட்ரைட் புதிர் அவிழ இன்னும் காலமாகலாம். அதுவரை, 'நேத்து நல்லாத்தானே இருந்தே?' என்று உங்கள் வீட்டிலோ டீமிலோ யாரையாவது கேட்கத் தோன்றினால், ஒரு நிமிஷம் யோசியுங்கள். நேற்று நன்றாக இருந்து கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ததே, இன்று அவர் எழ முடியாமல் கிடப்பதற்குக் காரணமாக இருக்கலாம்.