செம்புத்தகட்டில் கங்கை

உத்தரகாண்ட் மாநிலத்தில் அலக்நந்தா ஆற்றின் கரையில் ஸ்ரீநகர் என்றோர் ஊர் உள்ளது. காஷ்மீரத்திலும் அதே பெயரில் ஒரு நகரம் இருப்பதால், இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உண்டு. இந்த ஸ்ரீநகர் ஒரு காலத்தில் கார்வால் அரசர்களின் தலைநகராக விளங்கியது. அங்கே ஆற்றின் குறுக்கே கயிற்றுப் பாலம் ஒன்று தொங்கியது. இன்று அந்தப் பாலமும் இல்லை. அந்தப் பழைய ஊரும் இல்லை. 1893ஆம் ஆண்டு மலைச்சரிவு ஒன்று அலக்நந்தாவின் துணையாறாகிய பிரகி கங்கையை மறித்துப் பெரிய ஏரியை உண்டாக்கிற்று. அடுத்த ஆண்டு அந்த ஏரி உடைந்தது. முன்னறிவிப்புக் கிடைத்ததால் மக்கள் மேட்டுநிலம் ஏறித் தப்பினர்; ஊர் வெள்ளத்தோடு போயிற்று.

அந்தக் கயிற்றுப் பாலத்தை இன்றும் காண ஒரு வழி உண்டு. 1789ஆம் ஆண்டு அங்கு வந்த இரண்டு ஆங்கில ஓவியர்கள் அதை வரைந்தனர். பின்னர் செம்புத்தகட்டில் ஏற்றி அச்சிட்டனர். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்பன அவர்கள் பெயர்கள். தாமஸ் விடுதிக்காரர் ஒருவரின் மகன். இளமையில் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழில் பயின்றவர். 1785ஆம் ஆண்டு இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறியபோது வில்லியமுக்குப் பதினைந்து அல்லது பதினாறு வயது. இன்றைய பத்தாம் வகுப்பு மாணவரின் வயதே அது.

இருவரும் முதலில் கல்கத்தாவில் தங்கி அந்நகரின் காட்சிகள் பன்னிரண்டை அச்சிட்டனர். அப்பணியில் வங்காளக் கைவினைஞர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். ஆனால் அச்சோவியங்களின் அடியில் டேனியலின் பெயர் மட்டுமே உள்ளது. 1788ஆம் ஆண்டு படகேறிக் கங்கையை எதிர்த்துப் பயணம் செய்தனர். கான்பூருக்குப் பின் தரைவழியாக ஆக்ரா, தில்லி, ஹரித்துவாரம் கடந்து மலையேறினர். அவர்கள் ஸ்ரீநகரை அடைந்தபோது அரசருக்கும் அவர் உடன்பிறந்தாருக்கும் போர் மூண்டிருந்தது. அஞ்சிய மக்கள் அந்தப் பாலத்தின் வழியே ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர்.

1794ஆம் ஆண்டு இங்கிலாந்து திரும்பிய பின், 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்னும் தலைப்பில் 144 அச்சோவியங்களை வெளியிட்டனர். தகடு செய்யும் பணியில் பெரும்பங்கு வில்லியமுடையது. அவர்கள் கையாண்ட முறைக்கு அக்குவாடிண்ட் என்று பெயர். மென்மையாகத் தேய்த்த செம்புத்தகட்டின்மேல் பிசின் தூளைச் சீராகப் படியவைத்துச் சூடேற்றினால், தூள் உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பின்பு தகட்டை அமிலத்தில் இட்டால், தூளின் இடைவெளிகளில் மட்டும் செம்பு அரிக்கப்படும். வெண்மையாக இருக்கவேண்டிய வானத்தை முன்னரே வார்னிஷ் பூசி மறைத்துவிடுவர். சிறிது நேரம் அரித்த இடம் இளஞ்சாம்பல் நிறமாகவும், நெடுநேரம் அரித்த இடம் கருமையாகவும் அச்சாகும். ஓடும் நீரையும் மூடுபனியையும் காட்ட இதைவிடப் பொருத்தமான முறை அக்காலத்தில் இல்லை என்றே சொல்லலாம். தகட்டில் உள்ளது தாளில் இடம் வலமாக மாறிப் பதியும். ஆகவே தகட்டில் அனைத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரையவேண்டும். இல்லையேல் காசியின் படித்துறைகள் கங்கையின் மறுகரைக்குப் போய்விடும்!

இத்தகைய அச்சோவியங்களைத் திரட்டுவோர் முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுப்பர். பழைய அக்குவாடிண்டில் ஒழுங்கற்ற, வலைபோன்ற நுண்மணிகள் தெரியும். இக்காலப் படியில் புள்ளிகள் வரிசை தவறாமல் நிற்கும். தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தாளின் ஓரங்களில் விரலுக்குத் தட்டுப்படும். ஓரத்தை வெட்டிய படிகளில் அது போயிருக்கும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஆலையின் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரிவதுண்டு. அந்த ஆண்டு, படத்தின் அடியில் அச்சிட்ட ஆண்டுக்குப் பிந்தியதாயின், அது பின்னாளில் எடுத்த படி. வண்ணம் கையால் தீட்டப்பட்டதாதலால் ஒரே காட்சியின் இரண்டு படிகளில் வானம் வேறுவேறாக இருக்கலாம். அது குறையன்று.

வாங்கும்போது எண்ணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சந்தைக்கு வரும் தனித்தாள்களுள் பல, முழுத் தொகுதிகளைப் பிரித்து எடுத்தவை. முழு நூலாக விற்பதைவிடத் தாள் தாளாக விற்றால் ஆதாயம் மிகுதி என்பதே காரணம். பிரித்தபின் அந்தப் பயணத்தின் வரிசையை மீண்டும் சேர்க்க இயலாது. ஆதலால் பொறுப்புள்ள சேகரிப்பாளர் அண்மையில் பிரித்த தாளை வாங்கத் தயங்குவர். வாங்கியதை வெயில் படும் சுவரில் மாட்டமாட்டார். ஒட்டுநாடா இடவும் மாட்டார்.

இந்தப் படங்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. டேனியல்களுக்கு முன் வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர் இந்தியக் காட்சிகள் 48ஐ அச்சிட்டிருந்தார். டேனியல்கள் அவற்றை அந்தந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பிழை கண்டனர். தாங்கள் வரைய, வில்லை பொருத்திய இருட்டுப்பெட்டியின் துணையை நாடினர். எனினும் எதை வரைவது, எதை விடுவது என்பதை அந்தப் பெட்டி முடிவு செய்வதில்லை. தங்கள் நாட்டார் விரும்பி வாங்கும் அமைதியான காட்சிகளையே அவர்கள் பெரிதும் தேர்ந்தனர். கும்பினி ஆட்சியில் மக்கள் பட்ட துன்பத்தை இவற்றில் தேடுவோர் ஏமாறுவர்.

1792ஆம் ஆண்டு இருவரும் தெற்கே புறப்பட்டு மைசூர், மதுரை, இராமேசுவரம் எனச் சுற்றித் திருநெல்வேலிச் சீமைக்கும் சென்றனர். தாமிரபரணியின் அருவி ஒன்றும் அவர்களுடைய தகட்டில் ஏறியது. படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அவர்கள் 'புப்பனஸ்ஸம்' என்று எழுதினர். ஸ்ரீநகரை 'சிரிநகுர்' என்றும், காசியைப் 'பெர்னாரஸ்' என்றும் எழுதியவர்கள் அல்லவா! அந்தப் பெயரைக் கண்டு விழிக்கும் வணிகர்கள் இருக்கலாம். தமிழ் அறிந்த ஒரு சிறுவர் அதை வாய்விட்டு ஒருமுறை படித்தால் போதும். அது பாபநாசம் என்று சொல்லிவிடுவார்.